செக்கில் கையெழுத்து இல்லாத துணைத் தலைவர்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். "எங்கள் ஊராட்சியில் துணைத் தலைவர் கையெழுத்துப் போடாவிட்டால் ஒரு செக்கும் நகராது. இந்தியாவின் துணைத் தலைவருக்கு அந்த அளவு அதிகாரமாவது உண்டா? இல்லையென்றால் அந்தப் பதவியை எடுத்துவிட்டால் என்ன நஷ்டம்? காரைக்காலில் படிக்கும் என் தங்கையின் பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் வேந்தர் என்கிறாள், அது எப்படி? நம் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் அந்தப் பதவியில் இருந்தார் என்கிறார்களே, உண்மையா?" என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு கேள்வியாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: தலைவர் என்று ஒருவர் இருக்கும்போது, அவருக்குத் துணையாக இன்னொருவர் தினமும் என்னதான் செய்கிறார்? நான் வழக்கறிஞன் இல்லை. டெல்டாவில் ஓர் அரசுக் கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் அரசியல் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். அரசியலமைப்பில் எழுதியிருப்பதை எழுதியிருக்கிறது என்பேன். எழுதாமல் விட்ட இடம் வந்தால் அதைச் சொல்லிவிட்டு, என் கருத்தை என் கருத்தாகவே சொல்வேன்.

உங்கள் ஊராட்சியில் இருந்தே தொடங்குகிறேன், குழப்பம் பிறப்பது அங்கேதான். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிப் பணத்தை எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். பணம் ஒருவர் கையிலேயே இருந்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, நல்ல ஏற்பாடும்கூட. ஆனால் இருவருக்கும் ஆகாவிட்டால் ஊர் தவித்துப் போகும். எங்கள் பக்கத்து ஊராட்சி ஒன்றில் அப்படி ஒரு மனஸ்தாபம் வந்து, மேல்நிலைத் தொட்டி மோட்டாரைப் பழுது பார்க்கிற கூலி மாதக்கணக்கில் நின்றுபோனது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வயல்காட்டு போர்செட்டுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே, துணைத் தலைவர் என்றாலே தலைவரைத் தடுத்து நிறுத்தக்கூடிய இன்னொரு கை என்று நம் கிராமத்துப் பிள்ளைகள் நினைப்பது நியாயம்தான். வகுப்பில் வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்கும்.

டெல்லியில் அப்படிக் கிடையாது. குடியரசுத் தலைவர் கையெழுத்திடும் எந்தத் தாளிலும் துணைத் தலைவரின் கையெழுத்துக்கு இடம் இல்லை. அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் உட்காருவதில்லை. எந்தத் துறையும் அவர் கீழே இல்லை. தலைவர் நல்லபடியாகப் பதவியில் இருக்கும் நாட்களில், தலைவரின் வேலையில் ஒரு துரும்பைக்கூட அவர் எடுத்துச் செய்வதில்லை. அப்படியானால் சும்மா இருக்கிறாரா என்றால், அதுவும் இல்லை. நாடாளுமன்றம் கூடும் நாட்களில் காலை 11 மணிக்கு மாநிலங்களவையின் தலைவர் நாற்காலியில் போய் உட்கார வேண்டியவர் அவர். அவருடைய அன்றாட வேலை அதுதான். சம்பளமும் அதற்குத்தான். துணைத் தலைவர் என்ற பதவிக்கென்று அரசியலமைப்பில் சம்பளமே சொல்லப்படவில்லை. மாநிலங்களவைத் தலைவருக்கான சம்பளத்தைத்தான் வாங்குகிறார். 2018இல் செய்த திருத்தப்படி அது மாதம் 4 லட்சம் ரூபாய். குடியரசுத் தலைவரின் பொறுப்பைத் தற்காலிகமாக ஏற்கிற நாட்களில் அவைத் தலைவர் வேலையையும் பார்க்கக் கூடாது, அந்தச் சம்பளத்தையும் வாங்கக் கூடாது என்று 64வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. இந்த ஒரு பிரிவைக் கவனமாகப் படித்தால் போதும், பதவியின் தன்மை முழுவதும் பிடிபட்டுவிடும். துணைத் தலைவர் என்பது பெயர்; மாநிலங்களவைத் தலைவர் என்பது வேலை; தலைவர் இடம் காலியாகும்போது அங்கே போய் நிற்பது கடமை.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்கச் செய்திகளைப் பார்த்துவிட்டு நம்முடையதும் அதே மாதிரி என்று நினைப்பவர்கள் அதிகம். 1787இல் அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் துணை அதிபரை செனட்டுக்குத் தலைவராக்கினார்கள். அந்த வேலையைக் கொடுக்காவிட்டால் அவருக்கு வேலையே இருக்காது என்று அந்த மாநாட்டிலேயே ரோஜர் ஷெர்மன் பேசினார். முதல் துணை அதிபரான ஜான் ஆடம்ஸ், இவ்வளவு அற்பமான பதவியை மனிதக் கற்பனை கண்டுபிடித்ததே இல்லை என்ற பொருள்பட மனைவிக்குக் கடிதம் எழுதினார். அங்கே முதலில் பிறந்தது காத்திருக்கும் ஆள், பிறகுதான் அவருக்கு ஒரு வேலை தேடினார்கள். நம் அரசியல் நிர்ணய சபை இதைத் தலைகீழாகப் பார்த்தது. துணைத் தலைவரின் இயல்பான வேலை மாநிலங்களவைக்குத் தலைமை தாங்குவதுதான், தலைவரின் பொறுப்பை ஏற்பது அபூர்வமாக, அதுவும் கொஞ்ச காலத்துக்கு மட்டும் நடப்பது என்று அம்பேத்கர் அங்கே விளக்கினார். குடியரசுத் தலைவர் தேர்தலில் ஓட்டுப் போடும் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் துணைத் தலைவர் தேர்தலில் ஓட்டு இல்லாமல் போனதற்கும் அவர் சொன்ன காரணம் இதுதான்.

இன்னொரு பெரிய வித்தியாசம் உண்டு. அமெரிக்காவில் அதிபர் இறந்தால் துணை அதிபர் அப்படியே அதிபராகிவிடுகிறார், மிச்சமுள்ள காலம் முழுவதும் அவருடையது. 1841இல் ஹாரிசன் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்தபோது ஜான் டைலர் அப்படி உரிமை கோரி உட்கார்ந்தார், அது வழக்கமானது, 1967இல் 25வது திருத்தம் அதை எழுத்தில் வைத்தது. நம் நாட்டில் துணைத் தலைவர் தலைவராக மாறுவதில்லை. தலைவராகச் 'செயல்படுகிறார்', அவ்வளவுதான். மரணம், ராஜினாமா, பதவி நீக்கம் ஆகியவற்றால் இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் புதிய தலைவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அவர் மிச்சக் காலத்துக்கு வருவதில்லை, முழு ஐந்து வருடத்துக்கு வருகிறார். அதுவரை இடத்தைப் பார்த்துக்கொள்வதே துணைத் தலைவரின் வேலை.

தேர்தல் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவை, மாநிலங்களவை இரண்டின் உறுப்பினர்களும், நியமன உறுப்பினர்கள் உட்பட, ரகசியமாக வாக்களிக்கிறார்கள். விகிதாசாரப் பிரதிநிதித்துவம், ஒற்றை மாற்று வாக்கு, அதாவது ஒரே வாக்குச்சீட்டில் 1, 2, 3 என்று விருப்ப வரிசையை எழுதுவது. 35 வயது நிறைந்த இந்தியக் குடிமகன், மாநிலங்களவை உறுப்பினராகும் தகுதி உள்ளவர் நிற்கலாம். முதலில் இரு அவைகளும் ஒன்றாகக் கூடி வாக்களிக்க வேண்டும் என்று இருந்தது. 1961இல் 11வது திருத்தம் அந்தக் கூட்டுக் கூட்டத்தை எடுத்துவிட்டது. ராதாகிருஷ்ணன் 1952இலும் 1957இலும், இதயத்துல்லா 1979இலும், சங்கர் தயாள் சர்மா 1987இலும் போட்டியின்றி வந்தார்கள். 1992இல் கே.ஆர். நாராயணனுக்கு 700 வாக்கு, எதிர்த்து நின்றவருக்கு ஒரே ஒரு வாக்கு. 2025 செப்டம்பரில் 452க்கு 300. இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு மனசு கனக்கிறது. எதிர்க்கட்சியும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட ஒருவர் அந்த அவைக்குத் தலைமை தாங்குவதற்கும், கட்சி பிரிந்து எண்ணி அனுப்பிய ஒருவர் தலைமை தாங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இது என் கருத்து, சட்டத்தில் இல்லை.

மாநிலங்களவைத் தலைவர் வேலையை வெறும் மணியடிக்கிற வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கேள்வியை, எந்த நோட்டீஸை அனுமதிப்பது, எந்த வார்த்தையைக் குறிப்பில் இருந்து நீக்குவது, யாரைப் பேச அழைப்பது எல்லாம் அவர் கையில். கட்சித் தாவல் தடைச் சட்டத்தின் கீழ் ஒரு மாநிலங்களவை உறுப்பினரின் பதவி பறிபோகுமா என்று முடிவு செய்பவரும் அவரே. 2017இல் சரத் யாதவின் பதவி அப்படித்தான் அன்றைய துணைத் தலைவர் வெங்கையா நாயுடுவின் உத்தரவால் போனது. உச்ச நீதிமன்ற, உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை நீக்கக் கோரி மாநிலங்களவை உறுப்பினர்கள் 50 பேர் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அதை ஏற்பதா தள்ளுவதா என்பதும் அவருடைய முடிவு. 2018 ஏப்ரலில் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ராவுக்கு எதிரான நோட்டீஸை வெங்கையா நாயுடு தள்ளுபடி செய்தார். இவ்வளவு இருந்தும் சில விஷயங்களில் மக்களவைச் சபாநாயகரைவிட அவருக்குக் கை குட்டை. ஒரு மசோதா பண மசோதாவா இல்லையா என்று சான்று தருவது சபாநாயகர். இரு அவைகளும் கூட்டாகக் கூடினால் தலைமை தாங்குவதும் சபாநாயகர். மேலும் சபாநாயகர் தன் அவையின் உறுப்பினர். துணைத் தலைவரோ மாநிலங்களவையின் உறுப்பினரே கிடையாது. நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் துணைத் தலைவரானால், பதவியேற்கும் நாளில் அவருடைய உறுப்பினர் இடம் காலியாகிவிடும். அவையில் அவருக்கு ஓட்டும் இல்லை, இரு பக்கமும் சமமாக விழுந்தால் போடும் தீர்மான வாக்கைத் தவிர.

இனி இடம் காலியாகும் சங்கதிக்கு வருகிறேன். இங்கேதான் இந்தப் பதவியின் வரலாறு இருக்கிறது. டெல்டாப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கொள்ளிடத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தேன். முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. நம் வயலுக்குத் தண்ணீர் கொண்டு வருவது காவிரி. கொள்ளிடம் வருடத்தில் பல மாதம் மணலாகக் கிடக்கும், பார்க்கிறவனுக்கு இவ்வளவு அகலம் எதற்கு என்று தோன்றும். மேட்டூர் நிரம்பி உபரி திறந்துவிடும் நாளில், கொள்ளிடம் இல்லாவிட்டால் தஞ்சாவூரும் கும்பகோணமும் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதோடு, காத்துக்கிடக்கும் வழியும் பழுதில்லாமல் இருக்க வேண்டும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போனபோது நம் எல்லோருக்கும் வயிறு கலங்கியதே, அது போன்ற ஒரு கலக்கம் 1969இல் குடியரசுக்கு வந்தது.

1969 மே 3ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் பதவியில் இருக்கும்போதே காலமானார். பதவியில் இறந்த முதல் தலைவர் அவர். துணைத் தலைவர் வி.வி. கிரி பொறுப்பேற்றார். அப்போதுதான் ஒரு ஓட்டை எல்லோர் கண்ணிலும் பட்டது: துணைத் தலைவரும் இல்லாமல் போனால் யார்? இதற்கு நாடாளுமன்றம் ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று 70வது பிரிவு அனுமதி கொடுத்திருந்தது, ஆனால் குடியரசாகி 19 வருடம் யாரும் அந்த ஏற்பாட்டைச் செய்யவில்லை. அந்த மே மாதமே அவசரமாக ஒரு சட்டம் இயற்றினார்கள். துணைத் தலைவர் இல்லாவிட்டால் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, அவரும் இல்லாவிட்டால் அங்குள்ள மூத்த நீதிபதி என்று வரிசை வகுத்தார்கள். இரண்டே மாதத்தில் அது தேவைப்பட்டுவிட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதற்காக கிரி ஜூலை 20ஆம் தேதி ராஜினாமா செய்தார். துணைத் தலைவர் தன் ராஜினாமாவைக் குடியரசுத் தலைவருக்கு எழுதித் தர வேண்டும் என்பது 67வது பிரிவு. அந்த நாற்காலியில் அன்று செயல்பட்டுக்கொண்டிருந்தவரோ அவரேதான். இப்படி ஒரு முடிச்சு விழும் என்று எழுதியவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை. தலைமை நீதிபதி இதயத்துல்லா பொறுப்பேற்று ஆகஸ்ட் 24 வரை பார்த்துக்கொண்டார். அமெரிக்க அதிபர் நிக்சன் அந்த நாட்களில் டெல்லி வந்தபோது வரவேற்ற தற்காலிகத் தலைவர் அவர்தான். இதே இதயத்துல்லா பத்து வருடம் கழித்துத் துணைத் தலைவராகி, 1982இல் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் சிகிச்சைக்காக அமெரிக்கா போனபோது மறுபடி தலைவர் பொறுப்பைப் பார்த்தார். தலைமை நீதிபதியாக ஒரு முறை, துணைத் தலைவராக ஒரு முறை.

தற்காலிகம்தானே, சும்மா இடத்தை நிரப்புகிறவர்தானே என்று கேட்பீர்கள். கிரி ராஜினாமா செய்வதற்கு முதல் நாள், ஜூலை 19ஆம் தேதி, 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. அதில் கையெழுத்திட்டவர் தற்காலிகத் தலைவராக இருந்த துணைத் தலைவர் கிரி. உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இந்தியன் வங்கியோ இந்தியன் ஓவர்சீஸ் வங்கியோ இருந்தால், அவை அந்த 14இல் அடக்கம். கும்பகோணத்து சிட்டி யூனியன் வங்கி அதில் இல்லை. 1977 பிப்ரவரி 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது காலமானார். துணைத் தலைவர் பி.டி. ஜாட்டி பொறுப்பேற்று ஜூலை வரை இருந்தார். அந்த ஐந்து மாதத்தில் என்னவெல்லாம் நடந்தது என்று பாருங்கள். பொதுத் தேர்தலில் இந்திரா காந்தி தோற்றார். 1975 ஜூனில் பிறப்பித்த நெருக்கடி நிலை மார்ச் 21ஆம் தேதி ரத்தானது, ரத்து செய்தவர் ஜாட்டி. 24ஆம் தேதி மொரார்ஜி தேசாய், மத்தியில் முதல் காங்கிரஸ் அல்லாத பிரதமராக, ஜாட்டி முன்னிலையில் பதவியேற்றார். ஒன்பது மாநிலச் சட்டமன்றங்களைக் கலைக்கச் சொல்லிப் புதிய அரசு தாளை அனுப்பியபோது அவர் உடனே கையெழுத்திடாமல் ஒரு நாள் தயங்கினார், நாடே பரபரத்தது, பிறகு கையெழுத்திட்டார். அந்தத் தயக்கம் சரியா தவறா என்று இன்றும் இரண்டு பக்கமும் வாதாடலாம். தற்காலிகமாக உட்காருகிறவருக்குத் தலைவரின் எல்லா அதிகாரமும் உண்டு என்பதில் மட்டும் வாதத்துக்கு இடமில்லை. 65வது பிரிவு அதை அப்படியே சொல்கிறது.

நம் பக்கத்து ஆள் பற்றிக் கேட்டீர்கள். உண்மைதான். ஆர். வெங்கட்ராமன், 1910 டிசம்பர் 4ஆம் தேதி பட்டுக்கோட்டை தாலுகா ராஜாமடத்தில் பிறந்தவர். அதிராம்பட்டினத்துக்குப் பக்கம், கடலோரம், புது ஆற்றின் கடைமடை. 1952இலும் 1957இலும் தஞ்சாவூர்த் தொகுதியில் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாவது முறை அந்த இடத்தை விட்டுவிட்டு காமராஜர் அமைச்சரவைக்கு வந்தார், தொழில்துறையைப் பார்த்தார். பிற்பாடு மத்தியில் நிதி, பாதுகாப்பு. 1984 ஆகஸ்ட் 31ஆம் தேதி குடியரசுத் துணைத் தலைவரானார். 1987 ஜூலையில் குடியரசுத் தலைவர். தமிழ் மண்ணோடு தொடர்புடைய மற்ற இருவரையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், 1952 மே 13 முதல் பத்து வருடம், நாட்டின் முதல் துணைத் தலைவர். திருப்பூர்க்காரரான சி.பி. ராதாகிருஷ்ணன், 2025 செப்டம்பர் 12 முதல். 1950 ஜனவரியில் குடியரசான பிறகு 1952 மே வரை துணைத் தலைவரே கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். மாநிலங்களவையே அப்போதுதானே உருவானது, அதற்கு முன் அவர் போய் உட்கார நாற்காலி இல்லை.

வெங்கட்ராமன் பதவியேற்று இரண்டே மாதத்தில் 1984 அக்டோபர் 31 வந்தது. நான் அப்போது கல்லூரி மாணவன். மத்தியானமே பேருந்துகள் நின்றுவிட்டன, ஆற்றங்கரையோடு நடந்தே ஊர் வந்து சேர்ந்தேன், டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஊரே நின்றது. அன்று காலை பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஏமன் நாட்டில். ராஜீவ் காந்தி மேற்கு வங்கத்தில். டெல்லியில் இருந்த உயர்ந்த பதவி துணைத் தலைவர் பதவி. தலைவர் வந்து சேரும்வரை பொறுக்காமல் துணைத் தலைவரைக் கொண்டே புதிய பிரதமருக்குப் பிரமாணம் செய்துவைத்துவிடலாமா என்ற யோசனை அன்று டெல்லியில் எழுந்தது. அப்படி நடக்கவில்லை. ஜெயில் சிங் சாயங்காலம் திரும்பினார், அன்றே ராஜீவ் காந்திக்குப் பிரமாணம் செய்துவைத்தார். அது நடக்காமல் போனது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிரதமரைத் தேர்ந்து அழைப்பது தலைவர் தன் மனசாட்சியைக் கொண்டு செய்ய வேண்டிய வேலை. அவர் உயிரோடு, நினைவோடு, விமானத்தில் வந்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் அந்த வேலையை எடுத்துச் செய்தால், காத்திருப்பவர் நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டார் என்ற பேச்சு நிரந்தரமாக நின்றிருக்கும்.

இங்கேதான் எழுதாமல் விட்ட முதல் இடம் வருகிறது. தலைவர் 'இல்லாமை, நோய் அல்லது வேறு காரணத்தால்' வேலை செய்ய இயலாதபோது துணைத் தலைவர் அந்த வேலைகளைச் செய்வார் என்கிறது 65வது பிரிவு. இயலாமையை யார் தீர்மானிப்பது என்று சொல்லவில்லை. 1960 ஜூனில் ராஜேந்திர பிரசாத் சோவியத் ஒன்றியத்துக்குப் போனபோது ராதாகிருஷ்ணன் பொறுப்பைப் பார்த்தார். 1961இல் பிரசாத் கடுமையாக நோயுற்றபோதும் அப்படியே. 1982 சிகிச்சைப் பயணத்திலும் அப்படியே. ஆனால் 1984 ஏமன் பயணத்தில் இல்லை, இன்றைக்குத் தலைவர்கள் அரசுமுறைப் பயணமாக வெளிநாடு போகும்போதும் இல்லை. ஆகவே, வெளிநாடு போவதே 'இல்லாமை' ஆகிவிடாது, இயலாமையைத் தலைவரே உணர்ந்து சொல்ல வேண்டும் என்பதுதான் பழக்கத்தில் இருந்து நான் எடுத்துக்கொள்ளும் பொருள். தலைவர் சொல்லும் நிலையிலேயே இல்லாமல், நினைவு தப்பிக் கிடந்தால்? அமெரிக்காவின் 25வது திருத்தம் அதற்கு ஒரு வழி எழுதி வைத்திருக்கிறது. நம்மிடம் எழுத்தில் வழி இல்லை. இதைச் சரிசெய்ய வேண்டும் என்று வகுப்பில் முப்பது வருடம் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

இரண்டாவது இடம் 68வது பிரிவு. குடியரசுத் தலைவர் இடம் காலியானால் ஆறு மாதம் என்று கெடு இருக்கிறது. துணைத் தலைவர் இடம் காலியானால் 'கூடிய விரைவில்' தேர்தல் என்று மட்டும்தான். 2002 ஜூலையில் துணைத் தலைவர் கிருஷ்ண காந்த் பதவியில் இருக்கும்போதே காலமானார். அவருக்குப் பின் வரவேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் ஏற்கெனவே நெருங்கியிருந்ததால் இடைவெளி பெரிதாகத் தெரியவில்லை. 2025 ஜூலை 21ஆம் தேதி ஜக்தீப் தன்கர் மழைக்காலக் கூட்டத்தொடரின் முதல் நாளிலேயே ராஜினாமா செய்தார். கடிதத்தில் உடல்நிலையைக் காரணமாகச் சொன்னார். அதற்கு மேல் பேசப்பட்டது எல்லாம் ஊகம், ஊகத்தை வைத்து நான் பாடம் நடத்த மாட்டேன். ஏழு வாரத்துக்கு மேல் நாட்டுக்குத் துணைத் தலைவர் இல்லை. மாநிலங்களவையைத் துணைத் தலைவர் ஹரிவன்ஷ் நடத்தினார். இவர் அன்று அவையின் உறுப்பினர்களில் ஒருவராக இருந்து, அவைக்குத் துணைத் தலைவராக இருந்தவர். குடியரசுத் துணைத் தலைவர் வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வருவதால் செய்தி படிக்கும்போது கவனம் வேண்டும். அந்த நாட்களில் குடியரசுத் தலைவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் 1969 சட்டப்படி தலைமை நீதிபதிதான் வந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, நீக்கும் முறை. குடியரசுத் தலைவரை நீக்க அரசியலமைப்பை மீறினார் என்று குற்றம் சாட்டி, இரு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். துணைத் தலைவரை நீக்க 14 நாள் நோட்டீஸ், மாநிலங்களவையின் அப்போதைய மொத்த உறுப்பினரில் பெரும்பான்மை, மக்களவையின் ஒப்புதல் போதும். என்ன காரணத்துக்காக நீக்கலாம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. 2024 டிசம்பரில் எதிர்க்கட்சிகள் தன்கருக்கு எதிராக முதன்முதலாக அப்படி ஒரு நோட்டீஸ் கொடுத்தன; ஹரிவன்ஷ் அதைத் தள்ளிவிட்டார். காரணம் எழுதாமல் விட்டதைக் குறை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது: அவர் ஓர் அவையின் தலைவர், அவையின் நம்பிக்கை போனால் நாற்காலியும் போக வேண்டும். சபாநாயகருக்கும் அதே விதிதான்.

துணைத் தலைவரானால் அடுத்து தலைவர்தான் என்ற எண்ணமும் சட்டத்தில் இல்லை. முதல் மூவர் வரிசையாகத் தலைவரானார்கள். பிறகு வெங்கட்ராமன், சர்மா, நாராயணன் வரிசையாக. 1997க்குப் பின் ஒருவரும் இல்லை. துணைத் தலைவராக இருந்த பைரோன் சிங் செகாவத் 2007இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றார்.

பதவியை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்டீர்கள் அல்லவா? எடுத்தாலும் மாநிலங்களவைக்கு ஒரு தலைவர் வேண்டும். உறுப்பினர்களில் ஒருவரையே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், மக்களவை அப்படித்தானே நடக்கிறது. இடம் காலியானால் தலைமை நீதிபதி வரலாம், 1969இல் வந்தாரே. ஆக, இயந்திரம் ஓடிவிடும். ஆனாலும் எடுக்கக் கூடாது என்பேன். தலைமை நீதிபதி தலைவர் வேலை பார்க்கும் ஒவ்வொரு நாளும் நீதிமன்றம் அரசின் பக்கம் ஒரு காலை வைக்கிறது. கையெழுத்திட்ட தாள் நாளைக்கு வழக்காக அதே நீதிமன்றத்துக்கு வரும். அதைவிட, தினமும் இரு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, தன் பழைய கட்சியின் கோபத்தையும் எதிர்க்கட்சியின் கோபத்தையும் தாங்கிப் பழகிய ஒருவர் காலியான நாற்காலிக்குப் போவது நல்லது. அந்தப் பழக்கம் இல்லாதவர் அங்கே போகும்போதுதான் ஆபத்து. மாநிலங்களவைத் தலைவராக ஒருவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதை நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது இதற்காகத்தான்.

கடைசியாக உங்கள் தங்கையின் பல்கலைக்கழகம். காரைக்கால் வளாகம் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் குடியரசுத் தலைவர் 'பார்வையாளர்' (Visitor) என்ற பதவியில் இருப்பவர், துணைத் தலைவர் வேந்தர். டெல்லி, பஞ்சாப் பல்கலைக்கழகங்களுக்கும் அவரே வேந்தர். இது அரசியலமைப்பு கொடுத்தது இல்லை, அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்தச் சட்டமும் விதிகளும் கொடுத்தது. அன்றாட நிர்வாகம் துணைவேந்தரிடம். ஆகவே, விடுதிக் கட்டணம், தேர்வு முடிவு என்று ஏதாவது மனு இருந்தால் தங்கை எழுத வேண்டியது துணைவேந்தர் அலுவலகத்துக்கு. டெல்லிக்குத் தபால் போட வேண்டாம் என்று சொல்லுங்கள்.